33 வயது, எம்.ஏ சமூகவியல், கையில் குழந்தை: மகளிரியலில் பிஎச்.டி சேரலாமா?

வேடசந்தூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல நாளாக வாசிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. எம்.ஏ சமூகவியல் முடித்து, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள வேலை செய்கிறேன். வேலை முழுக்க நூற்பாலைப் பெண்களிடம்தான். சம்பளச் சீட்டு, பி.எஃப், ஹாஸ்டல் புகார், பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகப் புகார்க் குழு பயிற்சி, இந்த மாதிரி. வயது 33. மகளுக்கு மூன்று வயது. வீட்டுக்காரர் "படி" என்கிறார், மாமியார் "இந்த வயசுக்கு மேலயா" என்கிறார்.

மகளிரியல் துறையில் பிஎச்.டி பண்ண ஆசை. பக்கத்திலேயே கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. காரைக்குடி அழகப்பா, திருச்சி பாரதிதாசன் இரண்டிலும் மகளிரியல் துறை உண்டு. ஆனால் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர், "சமூகவியலிலேயே செய், தலைப்பைப் பெண்களைப் பற்றி வைத்துக்கொள், மகளிரியல் என்று போட்டால் வேலைக்கு ஆகாது" என்கிறார். எது சரி? வேலையை விடாமல் பகுதிநேரமாகச் செய்ய முடியுமா? நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுத வேண்டுமா? தலைப்பு இப்போதைக்கு "நூற்பாலைப் பெண் தொழிலாளர்களின் பிரச்சினைகள்".

பழைய ஸ்காலர்:

வாங்க தோழி. மகளிரியலில் முடித்தவள் என்ற முறையில் முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் மகளிரியல் என்று தனித் துறை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்களில் இருக்கிற சில இடங்களும் எப்போதாவதுதான் நிரப்பப்படும். நான் இப்போது கௌரவ விரிவுரையாளர், அதுவும் வேறு துறையில். உங்கள் பேராசிரியர் சொன்னதில் பாதி உண்மை.

மறுபாதி அவர் சொல்லாதது. சமூகவியல் துறையில் "பெண்கள்" என்று தலைப்பு வைத்தால், பெரும்பாலும் ஒரு கேள்வித்தாள், முந்நூறு பேர், ஐந்து புள்ளி அளவுகோல், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளில் கணக்குப் போட ஒரு கடை, கடைசியில் "வயதுக்கும் மனநிறைவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு உள்ளது". நல்ல விதிவிலக்குகள் உண்டு, நானே வாசித்திருக்கிறேன். மகளிரியல் துறையிலும் இந்தக் கதை நடக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நல்ல கைடு (ஆய்வு வழிகாட்டி) அமைந்தால், வீட்டு வேலையை எப்படிக் கணக்கில் எடுப்பது, சாதியை விட்டுவிட்டு "பெண்" என்று பொதுவாகப் பேச முடியுமா, பேட்டி எடுக்கிற நான் யார், கொடுக்கிறவள் யார் என்றெல்லாம் முதல் ஆண்டிலேயே உட்கார வைத்துக் கேட்பார்கள். அந்தப் பயிற்சி எனக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

காரைக்குடி ராசா:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வணிகவியல் எடுக்கிறேன். வருத்தப்படாமல் கேளுங்கள். மகளிரியல் ஒரு துறையா, இயக்கமா? "பெண்கள் ஒடுக்கப்படுகிறார்கள்" என்ற முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டு அதற்கு ஆதாரம் தேடுவதுதானே? ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் போய்ப் பாருங்கள். சுய உதவிக் குழுக்களும் பெண்கள் மேம்பாடும், தர்மபுரி மாவட்டம். அதே தலைப்பு, சேலம் மாவட்டம். அதே தலைப்பு, நாமக்கல் மாவட்டம். மாவட்டப் பெயரை மாற்றி மாற்றி முனைவர் ஆகிறார்கள். இதற்கு ஆறு வருடம், குடும்பம், குழந்தை எல்லாவற்றையும் பணயம் வைக்க வேண்டுமா?

பழைய ஸ்காலர்:

ராசா சார், சுய உதவிக் குழு பற்றி நீங்கள் சொன்னதை நானே அச்சடித்து ஒட்டுவேன். 1989இல் தர்மபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அந்தத் திட்டம் தொடங்கியபோது அது உண்மையிலேயே புதுக் கேள்வி. முப்பத்தைந்து வருடம் கழித்தும் "மேம்பாடு அடைந்தார்களா" என்று கேட்டால் சலிப்புதான் வரும். இன்றைக்குக் கேட்க வேண்டியது, குழுவில் வாங்கிய கடனை அடைக்க மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன், அதை அடைக்க நகையை அடகு வைப்பது, வாரத் தவணை நாளில் வசூலுக்கு வருபவர் வாசலில் உட்காருவது. அதைப் பற்றி எத்தனை ஆய்வேடு இருக்கிறது?

சலிப்பூட்டும் ஆய்வேடுகளை வைத்துத் துறையை எடைபோட்டால் வணிகவியலும் தப்பாது. "வாடிக்கையாளர் மனநிறைவு, மதுரை நகர்" என்று தேடிப் பாருங்கள் :)

சுருட்டுத்தாள்:

இயக்கமா துறையா என்ற கேள்விக்கு வரலாறு கொஞ்சம் உதவும். இந்தியாவில் இது யாரோ மேல்நாட்டிலிருந்து இறக்கிவைத்த பாடம் அல்ல. 1971இல் பெண்களின் நிலையை ஆராய மத்திய அரசு ஒரு குழு போட்டது. 1974இல் அந்தக் குழு "சமத்துவத்தை நோக்கி" என்ற அறிக்கையைக் கொடுத்தது. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டில் பெண்கள் எல்லாத் துறையிலும் முன்னேறியிருப்பார்கள் என்று நம்பியவர்களுக்கு அது அடி. ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்ற விகிதம் குறைகிறது, வேலையில் பெண்களின் பங்கு குறைகிறது என்று அரசின் சொந்தப் புள்ளிவிவரமே சொன்னது. உறுப்பினர் செயலராக இருந்த வீணா மஜும்தார் பிறகு 1980இல் டெல்லியில் பெண்கள் மேம்பாட்டு ஆய்வு மையத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பம்பாய் எஸ்.என்.டி.டி. பல்கலையில் நீரா தேசாய் 1974லேயே ஆய்வுப் பிரிவு தொடங்கினார். 1981இல் அங்கேதான் முதல் தேசிய மாநாடு, அடுத்த வருடம் இந்திய மகளிரியல் சங்கம். 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பல்கலைகளில் மையங்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது.

ஆக, முடிவை எழுதிவிட்டு ஆதாரம் தேடியதல்ல. ஆதாரம் முதலில் வந்தது, எல்லோரும் திகைத்தார்கள், துறை பிறகு வந்தது. இயக்கத்தோடு தொடர்பு உண்டுதான். பொருளியலுக்கு நிதியமைச்சகத்தோடு தொடர்பு இல்லையா என்ன?

காரைக்குடி ராசா:

சரி, அந்த விளக்கம் எனக்குப் புதிது. ஆனால் வேலை பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

விதிப்புத்தகம்:

வேலை, நெட், பகுதிநேரம் மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பல்கலையின் ஆராய்ச்சிப் பிரிவில் கோப்புப் பார்க்கிறவன் நான். கீழே சொல்வது யுஜிசியின் 2022 பிஎச்.டி ஒழுங்குமுறையை வைத்து. உங்கள் பல்கலை அதை எப்படித் தத்தெடுத்திருக்கிறது என்பதை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலம்: குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருடம் தளர்வு உண்டு, மொத்தம் 10ஐத் தாண்டக்கூடாது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு முழுக் காலத்திலும் ஒருமுறை, 240 நாள் வரை. மகளுக்கு மூன்று வயதுதானே, இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

பகுதிநேரம் உண்டு. வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும், ஆய்வுக்கு நேரம் ஒதுக்குவார்கள் என்றும் அதில் இருக்க வேண்டும். ஆனால் பகுதிநேரத்தில் உதவித்தொகை எதிர்பார்க்காதீர்கள். தொலைநிலை வழியில் பிஎச்.டி என்று யாராவது ஆள் பிடித்தால் ஓடிவிடுங்கள், அது செல்லாது.

நெட்: 2024 ஜூனிலிருந்து நெட் மதிப்பெண்ணையே பிஎச்.டி சேர்க்கைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி சேர்க்கைக்கு மட்டும் என மூன்று பிரிவு. கடைசி இரண்டில் வருபவர்களுக்கு நெட் 70, நேர்முகம் 30 என்று கணக்கு. பிஎச்.டி சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். சொந்த நுழைவுத் தேர்வு நடத்தும் பல்கலைகளும் உண்டு.

உங்களுக்கு இதில் ஒரு சாதகம். ஜேஆர்எஃப் வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 வருடத் தளர்வு. இன்னும் இரண்டு வருட ஜன்னல் திறந்திருக்கிறது. கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அந்தப் பணம் வந்தால் வேலையை விட்டு முழுநேரமாகப் போகலாம், மாமியாரும் வேறு மாதிரி பேசுவார் :)

இப்போது முக்கியமானது. நெட்டில் மகளிரியல் தனிப் பாடம், எண் 74. ஆனால் நீங்கள் முதுகலையில் படித்தது சமூகவியல், எனவே நெட்டைச் சமூகவியலிலேயே எழுதுங்கள். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பதவிக்கு நெட், அல்லது மாநிலத் தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் இவைதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி கட்டாயமில்லை. அப்படியென்றால் சமூகவியல் ஆசிரியர் வேலைக்கான சாவி உங்கள் நெட்டில் இருக்கிறது. பிஎச்.டி எந்தத் துறையில் என்பது அந்தச் சாவியைப் பறித்துவிடாது. மகளிரியல் துறைகள் பலவற்றில் சமூகவியல், வரலாறு, பொருளியல், தமிழ், சமூகப் பணி முதுகலைகளைத் தொடர்புடைய பாடமாக ஏற்கிறார்கள். எந்தெந்தப் பாடம் என்று அறிவிக்கையில் வரி வரியாக இருக்கும், அதை மட்டும் நம்புங்கள்.

வேடசந்தூர்க்காரி:

சார், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. நன்றி. அப்படியானால் துறைச் சண்டையில் நான் ரொம்பக் குழம்ப வேண்டியதில்லை போலிருக்கிறது. கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பழைய ஸ்காலர்:

துறையை விட நூறு மடங்கு முக்கியமான கேள்வி. அவரிடம் முடித்தவர்களிடம் போய்ப் பேசுங்கள், இப்போது இருப்பவர்களிடம் அல்ல. இருப்பவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும், கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், இதெல்லாம் கேளுங்கள்.

எனக்கு முதலில் அமைந்தவர் பெண் உழைப்பு பற்றி மேடை மேடையாகப் பேசுவார். அவர் வீட்டு விசேஷத்துக்குச் சாமான் லிஸ்ட் எழுதியதும், அவருடைய ப்ராஜெக்ட் அறிக்கையை இரவோடு இரவாக டைப் அடித்ததும் நாங்கள். ஊதியமில்லா உழைப்பு என்ற அத்தியாயத்துக்குக் களம் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை! பிறகு கைடு மாற்றம் வாங்கினேன். மாற்றித் தந்தவர் கண்டிப்பானவர், ஆனால் பச்சை மையில் பக்கம் பக்கமாகத் திருத்தித் தருவார். இன்றைக்கும் அந்தத் தாள்களை வைத்திருக்கிறேன்.

வைவா (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு) செலவையும் இப்போதே கேட்டு வையுங்கள். சால்வை, பழக்கூடை, ஹோட்டல் சாப்பாடு, வெளித் தேர்வாளருக்கு ஏசி கார் என்று பல இடங்களில் எழுதப்படாத பட்டியல் ஒன்று இருக்கிறது. ஜேஆர்எஃப் இல்லாத பிள்ளைகள் அதற்குக் கடன் வாங்குகிறார்கள். எந்த விதியிலும் அது இல்லை.

விதிப்புத்தகம்:

இல்லவே இல்லை. இன்னும் இரண்டு. பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வழிகாட்டலாம், காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புது மாணவரைச் சேர்க்கக்கூடாது. அவருக்கு எப்போது ஓய்வு என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஆபீஸில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சுருட்டுத்தாள்:

தலைப்புக்கு வருவோம். "நூற்பாலைப் பெண் தொழிலாளர்களின் பிரச்சினைகள்" என்பது தலைப்பே இல்லை. அது உங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கை. களத்தில் இத்தனை வருடம் இருந்திருக்கிறீர்கள், உங்களை அரித்துக்கொண்டிருக்கிற ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். புத்தகத்தில் படித்தது வேண்டாம்.

வேடசந்தூர்க்காரி:

யோசித்தேன். சிரிக்காதீர்கள், எனக்கு அந்த கேட் நோட்டுதான் ஞாபகம் வருகிறது.

ஹாஸ்டல் இருக்கிற மில்களில் வாட்ச்மேன் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், டோக்கன் நம்பர், வெளியே போன நேரம், திரும்பிய நேரம், கூட்டிப்போக வந்தவர், உறவுமுறை, கையெழுத்து. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் போட்டோ ஒட்டிய அட்டை ஒன்று தனியாக இருக்கும். அந்த அட்டையில் முகம் இருந்தால்தான் கூட அனுப்புவார்கள். தாய்மாமன் வந்தால் வார்டன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மில் வேனில் கடைவீதிக்குக் கூட்டிப் போவார்கள், எண்ணி ஏற்றி எண்ணி இறக்குவார்கள்.

முன்பு எல்லாம் நம்ம ஊர்ப் பெண்கள், மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்ற சுமங்கலித் திட்டத்தில் வந்தவர்கள். இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் நிறைய. அவர்களைப் பார்க்க சொந்தக்காரர் யார் வருவார்? ஒருநாள் அந்த நோட்டை எட்டிப் பார்த்தேன். உறவுமுறை என்ற கட்டத்தில் வரிசையாக "ஏஜென்ட்", "ஏஜென்ட்", "ஏஜென்ட்" என்று எழுதியிருந்தது.

சுருட்டுத்தாள்:

ஆய்வேடு கிடைத்துவிட்டது அம்மா. இனி யாரிடமும் தலைப்பு கேட்காதீர்கள்.

டொராண்டோ தமிழச்சி:

வேலைக்குப் போகும் வழியில் வாசித்துக்கொண்டிருந்தேன், உறவுமுறைக் கட்டத்தில் ஏஜென்ட் என்றதும் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்தவள். யார்க் பல்கலைக்கழகத்தில் இதே துறையில் பிஎச்.டி செய்கிறேன். கனடாவில் பெண்கள் கற்கைநெறியில் முதல் பிஎச்.டி திட்டம் அங்கேதான், 1992இல் தொடங்கினது. இங்கே முதல் இரண்டு வருடம் வகுப்பு, பிறகு நீண்ட வாசிப்புப் பட்டியலை வைத்து எழுத்துப் பரீட்சை, அதற்குப் பிறகே களம். நிதி பெரும்பாலும் இளங்கலை மாணவர்களுக்குப் பாட உதவியாளராக வேலை செய்வதால் வருகுது. அது போதாமல்தான் 2018இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளிநாடு என்றால் கொட்டிக் கொடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஒன்று சொல்லலாமா அக்கா? இந்த கேட் கட்டுப்பாட்டை மில் முதலாளி மட்டும் போட்டதாக எழுதிவிடாதீர்கள். என் பேட்டிகளில் நான் கண்டது, பிள்ளையை அடைத்து வைப்பதைப் பாதுகாப்பு என்று பெற்றோரே கேட்டு வாங்குகிறார்கள். அங்கேயும் அப்படித்தானா?

வேடசந்தூர்க்காரி:

அப்படியே தங்கச்சி. "எங்க ஹாஸ்டல்ல ஈ காக்கா நுழையாது" என்று சொல்லித்தான் கிராமத்தில் ஆள் எடுப்பார்கள். அதைக் கேட்டுத்தான் அம்மாக்கள் அனுப்புவார்கள். சாதி மாறிக் காதலித்துவிடுவாள் என்ற பயம் அதில் பெரிய பங்கு. வெளியே சொல்ல மாட்டார்கள், நாம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் தானாக வரும். சில பெண்களுக்கோ வீட்டை விட மில்லே சுதந்திரம். சம்பளம் கையில் வரும், ராத்திரி ஷிப்ட் முடிந்து தோழிகளோடு சிரித்துக்கொண்டு தூங்கலாம். இதை எந்த ரிப்போர்ட்டிலும் எழுத எங்களுக்கு இடமில்லை. நிதி தருபவர்களுக்குத் துன்பம்தான் வேண்டும்.

பழைய ஸ்காலர்:

அந்தக் கடைசி இரண்டு வரிக்காகவே நீங்கள் பிஎச்.டி செய்ய வேண்டும்.

காரைக்குடி ராசா:

நானும் ஒத்துக்கொள்கிறேன், இது மாவட்டப் பெயர் மாற்றுகிற ஆய்வு இல்லை. ஆனால் நடைமுறைக் கேள்வி. அந்த நோட்டை எந்த மில் உங்களுக்குக் காட்டும்? எட்டிப் பார்த்ததை ஆதாரமாகப் போட முடியுமா? பல்கலையின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் முதல் கேள்வியே அதுதான் வரும்.

பழைய ஸ்காலர்:

நல்ல கேள்வி சார். நோட்டை நகல் எடுப்பது, போட்டோ எடுப்பது வேண்டவே வேண்டாம். அதில் மற்ற பெண்களின் பெயர் இருக்கிறது, அவர்கள் யாரும் சம்மதிக்கவில்லை. மில் அனுமதி வாங்கி உள்ளே போனால் மேனேஜர் பக்கத்தில் நிற்பார், பேட்டி எல்லாம் "நல்லா இருக்கோம் மேடம்" என்றே வரும். மில்லை விட்டு வந்த பெண்களிடம் ஊரில் வைத்துப் பேசுங்கள். அந்த நோட்டில் எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள், எந்த நாளில் பொய் சொன்னார்கள், யாரை "அண்ணன்" ஆக்கினார்கள் என்று நினைவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். நோட்டை விட அந்த நினைவு பெரிய ஆதாரம். முன்னாள் வார்டன்கள் யாராவது பேசினால் அதிர்ஷ்டம்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் பயந்துவிடுவார்கள், கையெழுத்து என்றாலே அவர்களுக்கு அந்த நோட்டுதான். வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்ய நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், கொடுப்பார்கள். ஒடிசா பெண்களிடம் பேச மொழி தெரிந்தவர் வேண்டும், ஆனால் அது ஏஜென்ட்டின் ஆளாக இருக்கக்கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்போது அவர்கள் உங்களை "சங்க அக்கா" என்றோ "என்ஜிஓ மேடம்" என்றோ பார்க்கிறார்கள். நாளைக்கு நீங்கள் ஆய்வாளர். புகார் கொடுத்தால் ஏதாவது நடக்கும் என்று நம்பித்தான் உங்களிடம் பேசுவார்கள். ஆய்வு வேறு, புகார் வேறு என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் குழப்பம் இருக்கும். அதையே ஒரு அத்தியாயமாக எழுதலாம், மகளிரியல் துறையில் அதற்கு மதிப்பு இருக்கிறது.

வேடசந்தூர்க்காரி:

நிறுவனத்தில் சேகரித்த பழைய பேட்டிகளைப் பயன்படுத்தலாமா? குறிப்பேடுகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது.

பழைய ஸ்காலர்:

கூடாது. வேறு நோக்கத்துக்குக் கொடுத்த வாக்குமூலம் அது. அந்தப் பெண்களையே மறுபடி பார்த்து, புதிதாகச் சம்மதம் வாங்கிப் பேசுங்கள். கட்டாயம் தேவைப்பட்டால் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி, குழுவின் அனுமதி இரண்டும் வேண்டும்.

சுருட்டுத்தாள்:

வாசிக்க வேண்டியதில் ஒரு பகுதி காகிதத்தில் இருக்கிறது. பெண்ணின் நடமாட்டத்தை யார் அனுமதிப்பது என்பது நூறு வருடச் சண்டை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானங்களில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை, விவாகரத்து உரிமை எல்லாம் இருக்கின்றன. 1930களில் காரைக்குடியிலிருந்து "மாதர் மறுமணம்" என்று கைம்பெண் மறுமணத்துக்காகவே ஒரு பத்திரிகை வந்தது (ராசா சார், உங்கள் ஊர்!). தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் இந்த மாதிரிப் பழைய இதழ்களைத் தேடலாம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசுக் கோப்புகள். அங்கே போகும்போது துறைத் தலைவர் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

எண்களுக்கு, அரசின் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 2019இல் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவழித்தார்கள், ஆண்கள் 97. மூலத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஹாஸ்டல் பெண்கள் வீடு திரும்பியதும் அவர்கள் நாள் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டால் சுவாரசியமாக இருக்கும். அப்புறம் 2022இல் உங்கள் மாவட்டத்திலேயே ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பாலியல் வன்முறைக்கு எதிராகப் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தத் தலைப்பை எழுத முடியாது.

காரைக்குடி ராசா:

மாதர் மறுமணம் பற்றிக் காரைக்குடியில் இத்தனை வருடம் இருந்தும் கேள்விப்பட்டதில்லை. தேடிப் பார்க்கிறேன்.

அந்தத் "தீசிஸ் செய்து தரப்படும்" நோட்டீஸ்களைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே? பல்கலை வாசல் ஜெராக்ஸ் கடைகளில் ஒட்டியிருப்பார்கள். அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று ரேட். வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரத்தில் சேர்கிறவர்களைத்தான் குறிவைப்பார்கள். என் கண்ணெதிரே ஒருவர் வைவாவில் தன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் எதைப் பற்றியது என்று சொல்ல முடியாமல் நின்றார்.

விதிப்புத்தகம்:

எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருளில் ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் 2018 விதிப்படி சிக்கல். ஆனால் கடைக்காரர் எழுதித் தருவதை மென்பொருள் பிடிக்காது, வைவாதான் பிடிக்கும்.

வேடசந்தூர்க்காரி, என் யோசனை இது. முதலில் சமூகவியல் நெட், ஜேஆர்எஃப் குறி. கூடவே இரண்டு பக்கத்தில் இந்த கேட் நோட்டு விஷயத்தை எழுதி, மகளிரியலில் இரண்டு பேர், சமூகவியலில் ஒருவர், காந்திகிராம கிராமியப் பல்கலையில் ஒருவர் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். கேள்வி கேட்டுப் பதில் எழுதுபவர் யார் என்று பாருங்கள். "வாங்கம்மா, சேர்ந்த பிறகு பேசிக்கலாம்" என்று மட்டும் எழுதுபவரை விட்டுவிடுங்கள்.

வேடசந்தூர்க்காரி:

செய்கிறேன் சார். இரண்டு பக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். பேராசிரியரிடமும் நோட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எந்தத் துறையில் வேண்டுமானாலும் செய், ஆனால் முதல் டிராஃப்டை எனக்குக் காட்டு" என்றார்.

புதுக்கோட்டைப் பொண்ணு:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும் அக்கா, சார். நான் மகளிரியல் முதலாண்டு ஸ்காலர், கோர்ஸ் ஒர்க் (ஆய்வுக்கு முந்தைய பாட வகுப்புகள்) முடிந்துவிட்டது. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை ஹைதராபாத். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே மறுபடி முதலிலிருந்து சேர வேண்டுமா? வீட்டில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள்.

விதிப்புத்தகம்:

வேண்டாம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயரும் பெண் ஸ்காலர், செய்த ஆய்வைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 2022 விதியிலேயே இருக்கிறது. ஒரு நிபந்தனை, அது உங்கள் கைடோ நிறுவனமோ நிதி பெற்ற ப்ராஜெக்டின் பகுதியாக இருக்கக்கூடாது. இதுவரை செய்ததில் பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய பெயரைக் கொடுத்துவிட வேண்டும். ஹைதராபாத் மத்தியப் பல்கலையில் மகளிரியல் மையம் இருக்கிறது, டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் வளாகமும் அந்த ஊரில் உண்டு. அங்கே யார் எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் வாங்கிய பிறகே இங்கே மனு கொடுங்கள். கோர்ஸ் ஒர்க் மதிப்பெண் பட்டியல், ஆலோசனைக் குழு அறிக்கைகள், சேர்க்கை ஆணை மூன்றையும் நகல் எடுத்து வையுங்கள். "அப்புறம்" என்பதற்கு முன்னாலேயே, இந்த செமஸ்டர் முடிவதற்குள்.